கால் கிழிந்த குதிரையை வீட்டில் வைத்துத் தேற்றியது

குதிரைக்குக் காலில் அடிபட்டால் கதை முடிந்தது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பெரிய எலும்பு முறிந்திருந்தால் பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் தோல் கிழிந்து, சதை தொங்கி, பார்க்கவே வயிற்றைக் கலக்கும் காயங்கள் பலவும் ஒழுங்கான கவனிப்பு இருந்தால் ஆறிவிடுகின்றன. எங்கள் வள்ளிக்கு ஆறியது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய கத்தியவாரிப் பெட்டைக் குதிரை அவள். செவலை நிறம். காது நுனிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்.

அவள் தேறிய விஷயம் தெரிந்ததும் கோபி, பவானி பக்கமிருந்து குதிரை வைத்திருப்பவர்கள் சிலர் கேட்டார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி, "என்ன மருந்துங்க போட்டீங்க?" மருந்து சொல்ல டாக்டர் இருக்கிறார். வீட்டில் வைத்துப் பார்க்கிறவருக்கு வேலை வேறு. காயம் தன் போக்கில் ஆறிக்கொண்டிருக்கும். அது ஆறும்வரை மீதிக் குதிரை கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிறு, அடிபடாத கால், குளம்பு, மனசு, இத்தனையையும். எங்கள் நேரத்தில் முக்கால்வாசி இதற்குத்தான் போனது. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

ஆடிக் காற்றில் பக்கத்துத் தோட்டத்துச் சாளையிலிருந்து ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. வள்ளி மிரண்டு ஓடி முள்கம்பி வேலிக்குள் பின்னங்காலை விட்டுவிட்டாள். இடது பின்னங்கால், முட்டிக்குக் கீழே முன்பக்கம். தோல் மடலாகத் தொங்கியது, நடுவே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இப்படிச் சிக்கிய குதிரையின் காலைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஒருவர் தோள்பக்கம் நின்று தலைக்கயிற்றைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கட்டிங் பிளேயரால் கம்பியைத்தான் வெட்ட வேண்டும். ரத்தத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். 300 கிலோ குதிரையின் உடம்பில் 20 லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. தரையெல்லாம் சிவப்பாகத் தெரிந்தாலும் போனது ஒன்றிரண்டு லிட்டராக இருக்கும். சுத்தமான துண்டை மடித்து வைத்து, அதற்கு மேல் துணியால் இறுக்கிக் கட்டி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். பீய்ச்சி அடித்தால் மட்டும் கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே டாக்டருக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

டாக்டர் வருவதற்குள் காயத்தில் எதையும் போடவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மண்ணெண்ணெய், வண்டி ஆயில் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதைப் போட்டாலும் டாக்டர் வந்ததும் அதைக் கழுவி எடுப்பதே பாதி வேலையாகிவிடும். கழுவ வேண்டுமென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. மருந்துக் கடையில் கிடைக்கும் சலைனும் இதே கணக்குதான்.

வந்த டாக்டர் தொங்கிய தோலை முதலில் பார்க்கவே இல்லை. முட்டிமூட்டுக்குள் காயம் போயிருக்கிறதா என்றுதான் பார்த்தார். காயத்திலிருந்து தள்ளி, மூட்டின் மறுபக்கத்தில் ஊசி போட்டு உள்ளே சலைனைச் செலுத்தினார். காயத்தின் வழியே அது வெளியே வந்தால் மூட்டு திறந்திருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி ஏற்றியிருக்க வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் வீட்டில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. காயம் சின்னதா பெரியதா என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அன்று புரிந்தது. மூட்டுப் பக்கம் ஆணி குத்திய அளவு ஓட்டை இருந்து, அதிலிருந்து மஞ்சளாக, விரலில் தொட்டால் நூல் இழுக்கிற திரவம் வந்தால், அது வள்ளியின் காயத்தைவிட ஆபத்தானது.

இன்னொன்றையும் பார்த்தார். நடக்கும்போது குளம்பின் முன்பக்கம் அவ்வப்போது மடங்கித் தரையில் இடறியது. பாதத்தை முன்னே நீட்டும் தசைநாண் அறுந்திருக்கிறது என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. "முன்னால இருக்கறதுதானுங்க அறுந்திருக்கு, பின்னால இருக்கற நாண் போயிருந்தாத்தான் கஷ்டம்" என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு நூல் கோக்க ஆரம்பித்தார். அவர் சொன்னபடியே, சில வாரங்களில் இடுப்பிலிருந்து காலை வீசிப் பாதத்தைச் சரியாக வைக்க அவளே பழகிக்கொண்டாள்.

ரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டாரா என்று நீங்களே கேட்டுவிடுங்கள். வீட்டு விலங்குகளில் அந்த நோய்க்கு மிகச் சீக்கிரம் பலியாவது குதிரைதான், கிருமியும் லத்தியிலும் மண்ணிலும் எப்போதும் இருக்கிறது. தடுப்பூசி போட்ட விவரம் இல்லாத குதிரை என்றால் உடனடிப் பாதுகாப்புக்கு ஒன்று, நீண்ட நாளைக்கு ஒன்று என்று இரண்டு ஊசி தேவைப்படும். வள்ளிக்குச் சந்தைக்கு முந்தைய விவரம் எதுவும் தெரியாததால் இரண்டும் போட்டார்கள்.

மருந்தளவுக்கு எடை வேண்டும். வீட்டில் எடை மேடை ஏது? முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவு 155, நீளம் 140 என்றால் 283 கிலோ. கண்ணளவில் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

வலி மருந்து வாங்கும்போது ஒரு விஷயம். மெலாக்சிகாம் என்று எழுதித் தந்தால் மெலாக்சிகாம்தான் வாங்க வேண்டும். "அதே வேலைதான் செய்யும்" என்று வேறொன்றைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கால்நடைகளுக்கு டைக்லோஃபெனாக் 2006-லேயே தடை செய்யப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அதே பட்டியலில் சேர்ந்தன. தடை செய்த இந்த மருந்துகள் உடம்பில் இருக்கும்போது செத்த விலங்கைத் தின்றால் கழுகுகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். எங்களுக்கு வடக்கே சத்தியமங்கலம் காடு, மாயாற்றுப் பள்ளத்தாக்கு. தமிழ்நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் மிஞ்சியிருக்கிற இடம் அதுதான். குதிரைக்கும் வலி மருந்துகளால் வேறு தொல்லை உண்டு. வெறும் வயிற்றில் கொடுத்தாலோ, டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் கொடுத்தாலோ குடலில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். வலி குறைந்தபாடில்லை என்று நாமாக இரண்டாவது வேளையைக் கூட்டவே கூடாது.

மாத்திரையைப் பொடித்துக் கொள்ளில் கலந்து வைத்தால் வள்ளி கொள்ளை மட்டும் நக்கித் தின்றுவிட்டு மாவை அப்படியே விட்டுவிடுவாள். அப்புறம் வெல்லப்பாகில் குழைத்து 50 மில்லி ஊசிக்குழலில் ஏற்றி, வாயோரத்தில் பல் இல்லாத இடைவெளி வழியாக நாக்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். முதலில் வெறும் வெல்லத்தண்ணீர் கொடுத்துப் பழக்கினாள் என் மகள். ஊசிக்குழலைக் கண்டதும் வாயை நீட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. மூங்கில் கொட்டத்திலோ பாட்டிலிலோ தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவது மாட்டுக்கே ஆபத்து, குதிரைக்கு இன்னும் மோசம். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

இனி கட்டு. தையல் போட்ட மடலில் பாதி ஒட்டியது, மீதி பிரிந்துவிட்டது. அந்த இடத்தில் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முட்டிக்குக் கீழே குதிரைக் காலில் தசை கிடையாது. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. முதல் இரண்டு வாரத்தில் காயம் சின்னதாவதற்குப் பதில் பெரிதாகும், ஓரங்கள் பின்வாங்கும். இது தெரியாவிட்டால் வைத்தியம் பலிக்கவில்லை என்று நினைத்து ஆளை மாற்றிவிடுவோம். காயத்துக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக் கட்டுப் பிரிக்கிற நாளெல்லாம் ஒரு போட்டோ எடுத்துவைத்தோம். தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத மாற்றம் போட்டோவில் தெரியும்.

கட்டு மூன்று அடுக்கு. காயத்தின் மேல் ஒட்டாத பாரஃபின் காஸ். அதன் மேல் பஞ்சுச் சுருள், கஞ்சத்தனம் பார்க்காமல் நன்றாகக் கனமாக, முட்டிக்குக் கீழிருந்து குளம்பின் மேல்விளிம்பு வரை. பாதியிலேயே நிறுத்தினால் கட்டுக்குக் கீழே வீங்கிவிடும். கடைசியாகக் கிரேப் பேண்டேஜ். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மறைக்க வேண்டும். இழுப்பு எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பேண்டேஜ் ஓரம் நேராகத் தோலில் பதியக்கூடாது, மேலும் கீழும் இரண்டு விரல் அகலம் பஞ்சு வெளியே தெரிய வேண்டும். பஞ்சு மெலிதாக இருந்து பேண்டேஜை இறுக்கினால் பின்பக்க நாண் நசுங்கி, காயத்தைவிடப் பெரிய வம்பாகிவிடும். கட்டு நழுவினாலும், நனைந்தாலும், நாற்றம் வந்தாலும், குதிரை திடீரென்று அந்தக் காலை உதற ஆரம்பித்தாலும், நாள் கணக்குப் பார்க்காமல் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டும்போது மண்டியிட்டு உட்கார வேண்டாம். குந்தியபடி, எந்த நேரமும் எழுந்து விலகத் தயாராக, காலுக்குப் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். வள்ளி சாது. ஆனால் ஈ கடித்தால் சாதுவும் உதைக்கும்.

புரட்டாசி மழை தொடங்கியதும் ஈத்தொல்லை. புழு வைக்காமல் இருக்க, கட்டின் மேல்விளிம்பிலும் சுற்றியுள்ள ரோமத்திலும் வேப்பெண்ணெய் தடவினோம், காயத்துக்குள் அல்ல. கட்டைக் கடித்துப் பிய்க்கிற பழக்கமும் அந்தக் கசப்பில் நின்றது.

காயம் நிரம்ப ஆரம்பித்ததும் புதுத் தலைவலி. குதிரைக் காலின் கீழ்ப்பகுதியில் புதிதாக வளரும் சிவப்புச் சதை, தோல் மட்டத்தில் நிற்காமல் மேலே துருத்திக்கொண்டு வளரும். அப்படி மேடாகிவிட்டால் ஓரத்திலிருந்து வரும் புதுத் தோல் அதைத் தாண்ட முடியாது. எங்களுக்கு ஒத்தாசையாக வந்துகொண்டிருந்த பெரியவர் பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டியவர். அவர் பார்த்ததும், "மயில்துத்தம் வெச்சுச் சுட்டுடு கண்ணு, அடங்கிப் போயிரும்" என்றார். அவர் காலத்தில் அதுதான் வழி. துத்தம், அதாவது காப்பர் சல்பேட், சதையைச் சுடும்தான், கூடவே காயத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பு ரிப்பன் போல முன்னேறி வரும் புதுத் தோலையும் சுட்டுவிடும். அந்தத் தோல் காலின் கீழ்ப்பகுதியில் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வளர்கிறது. ஒரு வாரம் சுட்டால் ஒரு மாத வளர்ச்சி போய்விடும்.

டாக்டர் கத்தியால் அந்த மேட்டைத் தோல் மட்டத்துக்குச் சீவினார். அந்தச் சதைக்கு நரம்பு கிடையாது, அதனால் வலிக்காது. வள்ளி பாட்டுக்குப் புல்லை மென்றுகொண்டிருந்தாள். ஆனால் ரத்தம் கொட்டும். அதனால்தான் கீழிருந்து மேலாகச் சீவுகிறார்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற ரத்தத்தில் கீழே எதுவும் தெரியாது. உடனே அழுத்தமான கட்டு. பெரியவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "இது தேவலைங்க" என்று டாக்டரிடமே சொன்னார். அப்புறம் அவர் துத்தம் பேச்சை எடுக்கவில்லை.

அந்தப் பெரியவரிடம் நாங்கள் கற்றுக்கொண்டது வேறு. காலையில் வந்ததும் அவர் காலைப் பார்க்க மாட்டார். நேராக லத்தியைப் பார்ப்பார். எத்தனை குவியல், உருண்டை உருண்டையாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, மேலே சளி படிந்திருக்கிறதா. ஒருநாள் ஒரு உருண்டையைக் குச்சியால் உடைத்துக் காட்டினார். உள்ளே வைக்கோல் துணுக்கு நீளம் நீளமாக, மெல்லாமல் விழுங்கியது அப்படியே கிடந்தது. "வேல இல்லாத குதிர வைக்கோலத் திங்குது, தண்ணி குடிக்கல. இன்னும் ரெண்டு நாள்ல வயித்தப் புடிச்சுக்கும்." கீழே படுக்கைக்கு வைக்கோல் போட்டிருந்தோம், அதைத்தான் அவள் பொழுதுபோகாமல் தின்றிருக்கிறாள். அன்றே வைக்கோலை எடுத்துவிட்டுத் தென்னை நார்க்கழிவு பரப்பினோம். லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி பறக்காது, தின்னவும் மாட்டாள்.

அடைந்து கிடக்கும் குதிரைக்கு முதல் எதிரி வயிற்று வலிதான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அடைத்துக்கொண்டால் உள்ளேயே இருக்கும். நடக்கிற குதிரைக்குக் குடல் தானாக அசைகிறது, நிற்கிற குதிரைக்கு மந்தமாகிவிடுகிறது. அந்த நேரத்தில், "பாவம், உடம்புக்கு முடியாம இருக்குது" என்று கொள்ளும் தவிடும் கூட்டிக் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். நேர்மாறாகச் செய்ய வேண்டும். வேலை இல்லாத குதிரைக்குத் தானியத்தைப் பெருமளவு குறைத்து, நார்த்தீவனத்தைத்தான் நிரப்ப வேண்டும். காய்ந்த கணக்கில் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு. வள்ளிக்கு அது நாளுக்கு ஐந்து கிலோ சொச்சம் வந்தது. வாய்க்கால் ஓரத்து அறுகம்புல்லை அறுத்துக் காயவைத்தது, கொஞ்சம் குதிரைமசால், மண் உதறிய கடலைக்கொடி. கடலைக்கொடியை உதறாமல் போட்டால் மண் குடலில் படியும், பூசணம் பிடித்த கொடியை மாட்டுக்குக்கூடப் போடாதீர்கள். நேப்பியர் புல்லை மட்டுமே நம்பிக் குதிரையை வளர்க்கக் கூடாது. அதில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே அரிசித் தவிடும் சேர்ந்தால் எலும்பு பலவீனமாகும்.

ஒரே நேரத்தில் கொட்டாமல், தென்னங்கயிற்றில் பின்னிய வலைக்குள் புல்லைத் திணித்துத் தொங்கவிட்டோம். பிடுங்கிப் பிடுங்கித் தின்பதில் பொழுதும் போகும், வயிறும் காலியாக இருக்காது. காலி வலை தொங்கினாலும் கால் நுழையாத உயரத்தில் கட்ட வேண்டும். தண்ணீர் வாளியில் உள்பக்கம் கோடு போட்டு, காலையும் மாலையும் எவ்வளவு குறைந்தது என்று சுவரில் கரியால் எழுதினோம். இந்த எடையுள்ள குதிரை சாதாரண நாளில் 15 முதல் 25 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் அதற்கு மேல். குறைந்தால் தீவனத்தில் ஒரு கரண்டி உப்பு. ஆடுமாடு குடிக்கிற தொட்டியைப் பாசி பிடிக்க விட்டுவிட்டு, குதிரை குடிக்க மாட்டேனென்கிறது என்று சொல்லிப் பயனில்லை. அதற்கு மூக்கு ரொம்ப நுட்பம்.

இரண்டாவது எதிரி எதிர்க்கால். அடிபட்ட காலில் பாரம் போடாமல் மற்ற காலிலேயே நின்றால், அந்தக் காலின் குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் மெல்லிய அடுக்குகள் விட்டுக்கொடுத்துவிடும். 2006-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை ஜெயித்த பார்பரோ என்ற குதிரைக்கு அடுத்த பந்தயத்திலேயே பின்னங்கால் நொறுங்கியது. பெரிய அறுவைச் சிகிச்சை செய்து மாதக்கணக்கில் பார்த்தார்கள். மற்ற கால்களில் இந்தக் குளம்பு நோய் வந்து, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. உலகத்து வசதியெல்லாம் இருந்த இடத்திலேயே அப்படி என்றால் நம் லாயத்தில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்! நல்ல காலுக்கும் தாங்கலாக ஒரு கட்டு போட்டோம். தினமும் நான்கு குளம்பிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். கணுவின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை வைத்தால் நாடி லேசாகத் தட்டுப்படும், சில நேரம் தேடத்தான் வேண்டும். தேடாமலே டக் டக்கென்று விரலைத் தள்ளுகிற மாதிரி அடித்தால், குளம்பும் சூடாக இருந்தால், அன்றைக்கே டாக்டர்.

மலவாய்க் காய்ச்சல் பார்க்க மனிதருக்கான டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கிளிப் மாட்டி, கிளிப்பை வால் ரோமத்தில் பிடிப்பித்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே போய்விடும், கீழே விழுந்து உடையும். நிதானத்தில் இருக்கிற குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். தாடை எலும்பின் உள்விளிம்பில் நாடி பிடித்தால் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். நிம்மதியாக நிற்கும் குதிரைக்கு அது 60-ஐத் தாண்டினால் எங்கோ கடுமையான வலி. நன்றாக இருக்கிற நாளிலேயே உங்கள் குதிரையின் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனசு என்று சொன்னேன். குதிரை கூட்டத்தில் வாழ்கிற பிராணி. தனியாகக் கட்டிப்போட்டால் தலையை ஆட்டிக்கொண்டே நிற்கும், மரத்தைக் கடிக்கும், லாயத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்து காலைக் கெடுத்துக்கொள்ளும். பந்தயக் குதிரைகளுக்குத் துணையாக வெள்ளாடு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் வீட்டு ஆட்டைப் பக்கத்தில் கட்டினோம். முதல் நாள் காதைப் பின்னால் மடக்கி முறைத்தாள். சில நாளில் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனால் கனைத்து ஊரைக் கூட்டினாள். கடைசியில் ஆட்டுக்கும் லாயத்திலேயே தீவனம் வைக்க வேண்டி வந்தது. அது தனிச் செலவு.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது காயம் நின்றுவிட்டது. கெடவும் இல்லை, ஆறவும் இல்லை. போட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நாணயத்துக்கும் காயத்துக்கும் அளவு மாறவேயில்லை. நடுவில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து எந்நேரமும் கொஞ்சம் சீழ். மருந்தை மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு. டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வெளியே தெரிந்த எலும்பின் மேல்தகடு, ரத்த ஓட்டம் இல்லாமல் செத்து, சின்னச் சில்லாக உள்ளே தனியே கிடந்தது. எலும்பு வெளியே தெரிந்த காயங்களில் சில வாரம் கழித்து இப்படி வருவது சகஜமாம். அது உள்ளே கிடக்கிறவரை எந்தக் களிம்பு போட்டாலும் புண் மூடாது. நின்ற நிலையிலேயே மயக்க மருந்தும் மரத்துப்போகிற ஊசியும் போட்டு அதை எடுத்தார்கள். நகத்துண்டு அளவுதான் இருந்தது. அதற்குப் பிறகு துளை மூடி, புதுத் தோல் மளமளவென்று நடுவை நோக்கி வந்தது.

நடக்க வைப்பதை டாக்டர் சொன்ன பிறகுதான் தொடங்கினோம். சமமான கெட்டித் தரையில் ஐந்து நிமிடம், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி. அடைந்து கிடந்த குதிரை வெளியே வரும் முதல் நாள் அபாயமான நாள். சும்மா நின்றுகொண்டிருந்தவள் காற்று பட்டதும் நாலு காலையும் தூக்கிக் குதிப்பாள், அத்தனை வாரப் பாடும் ஒரு நிமிடத்தில் போய்விடும். அதனால் புல் தின்று வயிறு நிறைந்த பிறகு, காற்றில்லாத வேளையில், கடிவாளம் போட்டு, ஆட்டை முன்னால் விட்டுத்தான் கூட்டிப்போனோம். அதற்கும் அடங்காத குதிரைக்கு டாக்டர் லேசான அமைதி மருந்து தருவார், கேட்பதில் தப்பில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிற்றில் விரல் போனவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

குளம்பை மறந்துவிடாதீர்கள். நடக்காத குதிரைக்குக் குளம்பு தேயாது, ஆனால் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் நீண்டால் ஏற்கெனவே நாண் அறுந்த கால் இன்னும் அதிகம் இடறும். லாடம் அடிப்பவரை மாதத்துக்கு ஒருமுறையாவது வரச் சொல்லி இழைத்துவிட்டோம். குளம்படியில் ஈரம் தங்கினால் கறுப்பாக நாற்றமடிக்கும் அழுகல் வரும், தினமும் ஊக்கால் சுரண்டி எடுக்க வேண்டும்.

முள்கம்பி வேலியைக் கழற்றிவிட்டோம். குதிரை இருக்கிற இடத்துக்கு அது ஆகாது. அந்தக் காலத்தில் காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிதான் இருந்தது, இன்றும் பல இடங்களில் இருக்கிறது. நாங்களும் கிளுவைப் போத்து நட்டிருக்கிறோம். அது அடர்ந்து வேலியாக ஆவதற்கு வருடங்கள் பிடிக்கும் என்பதால், இப்போதைக்கு முள் இல்லாத கம்பி இழுத்து, குதிரைக் கண்ணுக்குத் தெரியும்படி வெள்ளைத் துணிப் பட்டைகள் கட்டியிருக்கிறோம்.

வள்ளி இப்போது நொண்டுவதில்லை. காலில் உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் முளைக்காத தழும்பு. அந்த இடத்துத் தோல் மெலிது, ஈ கடித்தாலே கீறிவிடும், அதனால் வெளியே விடும்போது வேப்பெண்ணெய் தடவிவிடுகிறோம். மகள் அவள்மேல் ஏறிப் பெருநடை வரை ஓட்டுகிறாள். ரேக்ளாவுக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், தருவதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.